மின்காப்புப் பொறியாளர் சங்கம்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் பொறியியல் படிப்பைப் பற்றி வகுப்பு எடுத்து வருகிறேன். என் வேலை மின்காப்பு. மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் தடுக்கும் பொருள்களைச் சோதிப்பது. இந்தத் துறைக்கென்றே உலகளவில் ஒரு பொறியாளர் சங்கம் இருக்கிறது, நானும் அதில் உறுப்பினன் என்று சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. பிள்ளைகள் கேட்கிறார்கள், அவர்களைக் கூட்டி வரும் அம்மா அப்பா கேட்கிறார்கள், செம்பனை ஆலையில் மின்கருவிகளைக் கவனிக்கும் சார்ஜ்மேன்கள் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றைப் பதிலோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

அது என்ன சங்கம், அண்ணே?

ஐ டிரிபிள் ஈ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு. அமெரிக்காவில் 1884-இல் தொடங்கிய மின்பொறியாளர் கழகமும், 1912-இல் தொடங்கிய வானொலிப் பொறியாளர் கழகமும் 1963-இல் இணைந்து உருவானது. அதற்குள் துறைவாரியாக 39 சங்கங்கள் இருக்கின்றன. மின்விநியோகத்துக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று, தகவல் தொடர்புக்கு ஒன்று என்று. அந்த வரிசையில் ஒன்றுதான் மின்கடத்தாப் பொருள்களுக்கும் மின்காப்புக்குமான சங்கம். சுருக்கமாக டி.இ.ஐ.எஸ். என்போம்.

சங்கம் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அங்கே தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். இங்கே உறுப்பினர்கள் சேர்த்துவைப்பது சோதனை முடிவுகளை. எந்தப் பொருள் எத்தனை வோல்ட்டில் உடைந்தது, எத்தனை ஆண்டில் நைந்துபோனது, ஏன் நைந்தது என்று ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவர் சரிபார்த்து அச்சில் ஏற்றுகிறார்கள். 1965 முதல் ஆய்விதழ் வருகிறது. 1994 முதல் அது இன்றைய பெயரில் வெளியாகிறது. 1985-இல் தொடங்கிய தனிப் பத்திரிகையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆய்வாளர்களுக்கு ஆய்விதழ், ஆலையிலும் துணை மின்நிலையத்திலும் வேலை செய்கிறவர்களுக்குப் பத்திரிகை. பத்திரிகையைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

கம்பிக்கு மேலே இருக்கிற உறைக்காக ஒரு உலகச் சங்கமா?

ஆமாம், அதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. ஒரு மோட்டாரையோ மின்மாற்றியையோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் செம்பு நூறு ஆண்டு ஆனாலும் செம்புதான். இரும்பு உட்கருவும் கெட்டுப்போகாது. முதலில் நலிவது காகிதம், வார்னிஷ், எண்ணெய், பிளாஸ்டிக் ஆகியவைதான். இயந்திரத்தின் ஆயுள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் காப்பின் ஆயுள்.

அந்த ஆயுளைத் தின்பது சூடு. காப்பின் சூடு ஏறக்குறைய 8 முதல் 10 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகிறது என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மான்ட்சிங்கர் என்ற பொறியாளர் 1930-இல் மின்மாற்றிகளைக் கவனித்து இதைச் சொன்னார். ஏன் அப்படி என்பதை 1948-இல் தாமஸ் டாக்கின் விளக்கினார்: காப்பு நைந்துபோவது ஒரு வேதிவினை, சூடு ஏற ஏற எந்த வேதிவினையும் வேகம் பிடிக்கும். இன்றும் அவர் பெயரில்தான் டி.இ.ஐ.எஸ். தன் தொழில்நுட்ப விருதைக் கொடுக்கிறது. மோட்டாரின் தகட்டில் ‘பி’ என்றோ ‘எஃப்’ என்றோ ஓர் எழுத்து பொறித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். பி என்றால் காப்பு 130 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், எஃப் என்றால் 155, எச் என்றால் 180. அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இவ்வளவு உழைப்பு இருக்கிறது.

சூடு மட்டும் எதிரி இல்லை. காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் தாங்கும். நல்ல பிளாஸ்டிக் அதைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆனால் கேபிள் செய்யும்போது உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால், மின்னழுத்தம் அந்தக் குமிழில்தான் அதிகமாகக் குவியும். தாங்கும் சக்தி குறைந்த இடத்தில் சுமை கூடுகிறது. குமிழுக்குள் சின்னஞ்சிறு பொறிகள் தெறிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, விளக்கு எரியும், மோட்டார் ஓடும். பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் கேபிள் வெடிக்கும். இந்தச் சிறு பொறிகளைப் பகுதி மின்னிறக்கம் என்கிறோம். வெடிப்பதற்கு முன்பே அவற்றைக் கேட்டுக் கண்டுபிடிப்பது எப்படி என்பது இந்தச் சங்கத்தில் பல்லாண்டுகளாகப் பேசப்படும் விஷயம். என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

எங்கள் வீட்டுக் காத்தாடி முன்பு போல வேகமாகச் சுற்றுவதில்லை. அதுவும் உங்கள் துறையா?

ஆமாம். கூரைக் காத்தாடிக்குள் ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கும். மெல்லிய பாலிபுரொப்பிலீன் படலத்தின் மேல் உலோகப் பூச்சு. படலத்தில் எங்காவது பலவீனமான இடம் உடைந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் மட்டும் ஆவியாகிக் கோளாறு தானே அடங்கிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொள்ளளவு போய்விடும். போகப் போகக் காத்தாடி மந்தமாகும். மின்கடத்தாப் பொருள் மின்சாரத்தைத் தடுப்பதோடு மின்னாற்றலைச் சேமித்தும் வைக்கும், அதனால்தான் இரண்டையும் ஒரே சங்கம் கவனிக்கிறது. கெப்பாசிட்டர் மாற்றினால் மைக்ரோஃபேரட் அளவும் வோல்ட் அளவும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். வயர்மேனை வைத்து மாற்றுங்கள்.

இதற்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. இந்தத் துறையே நம் மண்ணில் விளைந்த பாலில்தான் கால் ஊன்றியது.

மலாய்த் தீபகற்பத்துக் காட்டில் தாபான் என்றொரு மரம் உண்டு. அதன் பால் உறைந்தால் குட்டா பெர்ச்சா. வெந்நீரில் போட்டால் குழையும், ஆறினால் இறுகும். இங்குள்ளவர்கள் நெடுங்காலமாகக் கத்திப் பிடியும் கைத்தடியும் செய்த பொருள். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1843-இல் இதை லண்டனுக்கு அனுப்பினார். நான்கே ஆண்டில், 1847-இல், ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் தந்திக் கம்பியின் மேல் இதை இடைவெளி இல்லாமல் பூசும் இயந்திரத்தை உருவாக்கினார். இதன் மின்காப்புத் தன்மை சிறப்பானது என்று 1848-இல் மைக்கேல் ஃபாரடே எழுதினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடிக் கேபிள் போட்டபோது உறை குட்டா பெர்ச்சா. 1858-இல் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அடியில் போட்டபோதும் அதேதான்.

அந்த 1858 கேபிள் மூன்று வாரம்போலத்தான் வேலை செய்தது. செய்தி வேகமாகப் போகட்டும் என்று சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார்கள், ஏற்கெனவே பலவீனமாக இருந்த உறை தாங்கவில்லை. கம்பி நன்றாகவே இருந்தது, காப்புதான் போனது. அதன் பிறகுதான் கேபிளைக் கடலில் இறக்கும் முன் எப்படிச் சோதிப்பது, எத்தனை வோல்ட் தாங்கும் என்று எப்படி அளப்பது என்பதெல்லாம் ஒழுங்கான படிப்பாக மாறின. 1866-இல் போட்ட கேபிள் நிலைத்தது. பெருங்கடலுக்கு அடியில் தந்திச் செய்தியைக் கொண்டுபோக உதவியது நம் காட்டு மரத்தின் பால். அதற்காக ஒவ்வொரு மரத்தையும் வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தார்கள் என்பதும், காட்டில் இந்த மரம் அரிதாகிப்போனது என்பதும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை. பல் மருத்துவர்கள் வேர்ச் சிகிச்சையில் பல்லின் உள்ளே அடைப்பதற்கு இன்றைக்கும் குட்டா பெர்ச்சாவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்து ரப்பர். 1877-இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த 22 கன்றுகளில் ஒன்பது நம் மாவட்டத் தலைநகரான கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து பரவிய பால்மரத்தை வெட்டத்தான் நம் பாட்டன் பாட்டிமார் வந்தார்கள். அவர்கள் விடியலில் எடுத்த பாலில் ஒரு பங்கு உலகத்தின் மின்கம்பிகளுக்கு உறையாகப் போனது. பேராக் ஆற்றில் 1930-இல் செண்டரோ நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய காலத்தில் வீட்டு வயரிங் என்றால் ரப்பர் உறையிட்ட கம்பிதான்.

தோட்டத்துப் பிள்ளைக்கும் இந்தப் பொறியியலுக்கும் தூரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் இந்தக் கேள்விக்கு மட்டும் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதினேன்.

அப்புறம் ஏன் இப்போது கம்பியில் ரப்பர் இல்லை?

ரப்பருக்கு வலு வர அதோடு கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் செம்பை அரிக்கும், அதனால் செம்புக்கு வெள்ளீயம் பூச வேண்டியிருந்தது. காற்று, சூடு, ஓசோன் மூன்றும் பட்டு ரப்பர் விறைத்து வெடிக்கும். 1933-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் தற்செயலாகப் பாலிஎத்திலீன் கிடைத்தது. கடலடிக் கேபிளில் குட்டா பெர்ச்சாவின் இடத்தை அது பிடித்தது. 1956-இல் அட்லாண்டிக்கில் போட்ட முதல் தொலைபேசிக் கேபிளுக்குப் பாலிஎத்திலீன்தான் உறை. வீட்டு வயரிங்கில் பி.வி.சி. வந்தது. பி.வி.சி. 70 டிகிரி வரை, எக்ஸ்.எல்.பி.இ. என்ற இன்றைய குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் 90 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும்.

ஆனாலும் ரப்பரின் கதை முடியவில்லை. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது யு.டி.எம்-இல், இயற்கை ரப்பரைப் பாலிஎத்திலீனோடு கலந்து, அதில் நானோ அளவுச் சிலிக்காத் துகளையும் சேர்த்து உயர் அழுத்தக் காப்பாகச் சோதித்திருக்கிறார்கள். நானோ துகள் கலந்தால் காப்பின் குணமே மாறக்கூடும் என்ற சிந்தனையை லூயிஸ் என்ற அறிஞர் 1994-இல் முன்வைத்தார். அது வெளியானது இந்தச் சங்கத்தின் ஆய்விதழில்தான்.

எங்கள் வீடு பழைய தோட்ட வீடு. வயரிங் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாமார்தான். ரொம்பச் சரியான கேள்வி.

கண்ணுக்குத் தெரிவதை முதலில் பாருங்கள். சுவிட்ச், பிளக் ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறதா, எரிந்த வாடை வருகிறதா, உறை விறைத்து வெடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் மெயினை அடைத்து, எல்லாப் பொருள்களையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகர், அதாவது காப்புத்தடை அளக்கும் கருவி, வைத்துக் காப்பை அளப்பார். 1 மெகா ஓம்முக்குக் கீழே வந்தால் அந்தச் சுற்றில் கோளாறு உண்டு. ‘அளந்தீர்களா, எவ்வளவு வந்தது?’ என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காப்பு போனாலும் உயிரைக் காப்பாற்றுவதற்கென்றே மெயின் பெட்டியில் கசிவுத் துண்டிப்பான் இருக்கிறது. ஊரில் எல்லாரும் இ.எல்.சி.பி. என்பார்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும், அதாவது மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். விழவில்லையென்றால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். அழுத்தினால் கடிகாரம், ரைஸ்குக்கர் எல்லாம் அடைந்துபோகும் என்று பலர் தொடுவதே இல்லை. தயவுசெய்து அழுத்துங்கள். குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் ஹீட்டர் மாட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மழைக் காலத்தில் மட்டும் இ.எல்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்றால், எங்கோ ஈரம் இறங்குகிறது என்று பொருள். அது விழாமலிருக்க அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுப்பவர் இருந்தால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

நான் கையுறை ஆலையில் வேலை செய்கிறேன். அந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு மின்வேலை பார்க்கலாமா?

கூடவே கூடாது. மருத்துவக் கையுறை கிருமியைத் தடுக்கச் செய்தது. காகிதத்தைப் போல மெல்லியது, ஒரு தொகுதியில் சிலவற்றில் ஊசித்துளை இருக்கலாம் என்று கணக்கு வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். அது உங்களுக்கே தெரியும். மின்தொழிலாளிக்கான ரப்பர் கையுறை வேறு. அதற்கு வகுப்புகள் உண்டு: வகுப்பு 00 என்றால் 500 வோல்ட் வரை, வகுப்பு 0 என்றால் 1,000 வோல்ட் வரை, வகுப்பு 2 என்றால் 17,000 வோல்ட் வரை, வகுப்பு 4 என்றால் 36,000 வோல்ட் வரை. வகுப்பு 0 கையுறையை 5,000 வோல்ட்டில் சோதித்த பிறகுதான் 1,000 வோல்ட்டுக்கு அனுமதிக்கிறார்கள். அதன் மேல் தோல் கையுறையும் மாட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் போடும் முன் காற்றை அடைத்துச் சுருட்டிக் கசிவு பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருக்கிறேன். மோட்டாரை மெகர் செய்கிறோம், ‘நூறு வந்தது, ஐம்பது வந்தது’ என்று எழுதிவைக்கிறோம். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரே ஓர் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஆலைகளில் நீராவி, ஈரம், எண்ணெய்ப் புகை மூன்றும் எப்போதும் இருக்கும். நீங்கள் அளந்த நேரத்தில் மோட்டாரின் கம்பிச் சுருணை எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக் கூடவே எழுதுங்கள். சூடு 10 டிகிரி கூடினால் காப்புத்தடை ஏறத்தாழப் பாதியாகும். காலையில் குளிர்ந்த மோட்டாரில் வந்த நூறும், ஓடி நின்ற சூட்டில் வந்த ஐம்பதும் ஒரே ஆரோக்கியத்தைக் காட்டலாம். அதனால்தான் ஐ டிரிபிள் ஈ-இன் 43-ஆம் எண் வழிகாட்டி எல்லா அளவையும் 40 டிகிரிக்கு மாற்றி ஒப்பிடச் சொல்கிறது. நம் ஆலையில் ஓடும் 415 வோல்ட் சாதாரண மோட்டாருக்கு அது சொல்லும் குறைந்தபட்சம் 5 மெகா ஓம்.

பெரிய மோட்டார் என்றால் 10 நிமிடம் விடாமல் அளந்து பாருங்கள். பத்தாவது நிமிட அளவை முதல் நிமிட அளவால் வகுத்தால், பி வகுப்புக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் 2 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். காய்ந்த, சுத்தமான காப்பில் அளவு நேரம் போகப் போக ஏறும். ஈரம் இறங்கிய காப்பில் ஏறாமல் அப்படியே நிற்கும். முதல் நிமிடத்திலேயே 5,000 மெகா ஓம்முக்கு மேல் வந்துவிட்டால் இந்தக் கணக்கு தேவையில்லை.

இன்னும் இரண்டு விஷயம். வேகக் கட்டுப்பாட்டு டிரைவைக் கழற்றாமல் மெகர் கொடுக்காதீர்கள், டிரைவ் போய்விடும். அளந்து முடித்தபின் சுருணையில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அளந்த நேரத்தைப் போல நான்கு மடங்கு நேரமாவது எர்த்தில் இணைத்துவைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பத்து நிமிடம் அளந்தால் நாற்பது நிமிடம். அவசரம் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் நோட்டில் எழுதிவைக்கும் இந்த எண்களைப் பத்து ஆண்டு தேதியோடு, சூட்டோடு சேர்த்துவைத்தால் அது ஆராய்ச்சிக்கே பயன்படும் தரவு. காப்பு எப்போது உடையும் என்பதைப் புள்ளிவிவரமாகக் கணிப்பதற்கு இந்தச் சங்கத்தின் குழு ஒரு வழிகாட்டியே எழுதியிருக்கிறது, எண் 930. அதற்கு வேண்டியது உங்களைப் போன்றவர்களின் நோட்டு.

மண்ணுக்கடியில் போகும் கேபிள் ஏன் சில வருடத்திலேயே வெடிக்கிறது? சரியாகப் புதைக்காததாலா?

அதுவும் இருக்கலாம், இணைப்பில் வேலை சரியில்லாமலும் இருக்கலாம். இன்னொரு காரணம் தண்ணீர். நடுத்தர அழுத்தக் கேபிளின் பாலிஎத்திலீன் உறைக்குள் ஈரமும் மின்புலமும் சேர்ந்தால், கிளை விட்ட மரத்தைப் போன்ற உருவத்தில் நுண்ணிய பாதைகள் வளரும். நீர்மரம் என்கிறார்கள். 1960-களின் இறுதியில் ஜப்பானில் முதலில் கவனித்தார்கள். நம் நாட்டு மண் ஈரம் மிகுந்தது என்பதால் இது நமக்கு முக்கியமான விஷயம். இப்போது நீர்மரம் வளர்வதைத் தாமதப்படுத்தும் உறை வகைகள் இருக்கின்றன.

பாமாயிலை டிரான்ஸ்ஃபார்மரில் ஊற்ற முடியுமா? ஆசிரியர் அப்படிச் சொன்னார்.

சமையல் எண்ணெயை அப்படியே ஊற்ற முடியாது. ஆனால் ஆசிரியர் சொன்னதன் அடிப்படை சரி.

மின்மாற்றிக்குள் இருக்கும் எண்ணெய் இரண்டு வேலை செய்கிறது: சுருணைகளுக்கு இடையே காப்பாக நிற்கிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது. வழக்கமாக அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய். சுமார் 170 டிகிரியில் தீப்பிடித்து எரியத் தொடங்கும். மண்ணில் கொட்டினால் எளிதில் மக்காது. தாவர எண்ணெயிலிருந்து செய்த காப்பு எண்ணெய்க்குத் தீப்பிடிக்கும் சூடு 300 டிகிரிக்கு மேல், மண்ணில் மக்கியும் போகும்.

பாமாயிலுக்கு ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், அதனால் காற்றுப் பட்டுக் கெடுவது குறைவு. அதே கொழுப்பால்தான் குளிர்ந்தால் கெட்டியாகிறது. அடுப்படியில் பாமாயில் புட்டி அடியில் வெள்ளையாக உறைவதைப் பார்த்திருப்பீர்கள். மின்மாற்றிக்குள் அப்படி உறைந்தால் சூட்டை யார் வெளியே எடுப்பது? ஜப்பானில் லயன் நிறுவனம் பாமாயிலின் கொழுப்பு அமிலத்தை வேதிமுறையில் மாற்றி, கனிம எண்ணெயை விட இளக்கமான ஒரு காப்புத் திரவத்தை உருவாக்கியது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பாமாயிலை மின்மாற்றிக்கு ஏற்றதாக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. நம் தோட்டத்தில் விளைவதைக் கொண்டு இங்கேயே இந்த வேலையை முன்னெடுக்க வேண்டும், அதில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தச் சங்கம் மலேசியாவில் இருக்கிறதா?

இருக்கிறது. ஐ டிரிபிள் ஈ மலேசியக் கிளைக்குள் டி.இ.ஐ.எஸ். பிரிவு செயல்படுகிறது. மின்கடத்தாப் பொருள்களின் பண்புகளையும் பயன்பாட்டையும் பற்றிய அனைத்துலக மாநாடு, 1985-இல் சீனாவின் சியானில் தொடங்கி ஊர் மாறி ஊர் நடக்கிறது. 2012-இல் பெங்களூரில் நடந்தது. 2021 ஜூலையில் ஜொகூர் பாரு அதை ஏற்று நடத்தியது. கோவிட் காலம் என்பதால் இணையவழியாக. யு.டி.எம்-இல் உயர் மின்னழுத்த, உயர் மின்னோட்டக் கழகம் இருக்கிறது, சுருக்கமாக ஐவாட். செயற்கை மின்னலை உண்டாக்கிக் காப்புகளைச் சோதிக்கும் இடம். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது, அந்தச் சோதனைக்கு இங்கே தேவை அதிகம்.

இதில் சேர்ந்தால் ‘ஐ.ஆர்.’ பட்டம் கிடைக்குமா? வயர்மேன் லைசென்ஸ் கிடைக்குமா?

இரண்டும் கிடைக்காது. மூன்றும் வெவ்வேறு. வயர்மேன், சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ் எரிசக்தி ஆணையம் கொடுப்பது. ‘ஐ.ஆர்.’ என்று பெயருக்கு முன்னால் போடும் நிபுணத்துவப் பொறியாளர் பதிவு, 1967-ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்படி மலேசியப் பொறியாளர் வாரியம் கொடுப்பது. டி.இ.ஐ.எஸ். உறுப்பியம் உங்களுக்கு எந்த அதிகாரத்தையும் கொடுக்காது. பத்திரிகை, மாநாட்டில் கட்டணச் சலுகை, துறையில் பழுத்தவர்களோடு அறிமுகம், இவைதான் கிடைக்கும். வேலை தேடும் பிள்ளைக்குக் கடைசியாகச் சொன்னதுதான் மிகப் பெரியது. நம் குடும்பங்களில் பொறியியல் துறையில் தெரிந்தவர் என்று யாரும் இல்லாத நிலை இன்னும் இருக்கிறது, அந்தக் குறையை இது ஓரளவு தீர்க்கும்.

என் மகளுக்கு வேதியியல்தான் பிடிக்கும், மின்சாரம் பிடிக்காது என்கிறாள். அவளுக்கு இதில் இடம் உண்டா?

உங்கள் மகளைப் போன்றவர்கள்தான் இங்கே வேண்டும். இது மின்சாரமும் வேதியியலும் பொருளறிவியலும் கலந்த துறை. பாலிமர் எப்படிச் சங்கிலி கோக்கிறது, எண்ணெயில் ஈரம் எப்படிக் கரைகிறது, காகிதம் சூட்டில் எப்படி நைகிறது என்பதெல்லாம் வேதியியல்.

வேலையும் கேபிள் ஆலையோடு நின்றுவிடாது. பினாங்கில் 1972 முதல் இன்டெல் ஆலை இருக்கிறது. சிப்புக்குள் ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் ஒரு மின்கடத்தாப் படலம் உண்டு. சிலிக்கான் ஆக்சைடாக இருந்த அந்தப் படலம் ஏறத்தாழ 1.2 நானோமீட்டர் வரை மெலிந்து, மின்சாரம் அதன் ஊடே கசியத் தொடங்கியது. 2007-இல் இன்டெல் ஹாஃப்னியம் கலந்த வேறு பொருளுக்கு மாறியது. அதுவும் மின்கடத்தாப் பொருளின் கதைதான். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்-இல் கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். வேதியியலில் பட்டம் படித்துவிட்டும் இந்தத் துறைக்கு வரலாம்.

எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கும்? தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குக் கஷ்டமில்லையா?

முதல் ஓராண்டு கஷ்டம்தான். ஆய்விதழ்க் கட்டுரையில் தொடங்காதீர்கள். பத்திரிகையில் ஒரு கட்டுரையை எடுத்து, படங்களையும் வரைபடங்களையும் முதலில் பாருங்கள், பிறகு முடிவுரை, கடைசியில்தான் நடுப்பகுதி. கருத்து தமிழில் மனத்தில் பதிந்திருந்தால் ஆங்கிலச் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் படித்துவிட்டு இன்று உயர் அழுத்தச் சோதனைக் கூடங்களில் வேலை செய்பவர்களை எனக்குத் தெரியும்.

சரி, எங்கே தொடங்குவது?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவுடன் அங்கே ஐ டிரிபிள் ஈ மாணவர் கிளை இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் மாணவ உறுப்பினராகச் சேர்ந்து, அதோடு டி.இ.ஐ.எஸ். சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மாணவர்களுக்குக் கட்டணம் மற்றவர்களைவிட வெகுவாகக் குறைவு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். படித்து முடித்தபின் முழு உறுப்பினர் ஆகலாம். மூத்த உறுப்பினர் நிலைக்குப் பத்தாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். அதற்கும் மேலே உள்ள ஃபெல்லோ நிலைக்கு மற்றவர்கள் உங்களை முன்மொழிய வேண்டும்.

இன்னும் இடைநிலைப்பள்ளியில் இருப்பவர்கள் சேர வேண்டிய அவசியமில்லை. பல்கலைக்கழகங்களின் திறந்த நாளில் உயர் அழுத்தக் கூடத்தைக் காட்டுவார்களா என்று ஆசிரியர் மூலம் கேட்டுப் பாருங்கள். பேராக்கிலேயே ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பினாங்குப் பக்கம் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் அந்தக் கேள்விகளை என்னிடம் முன்கூட்டியே காட்டினால், எதை யாரிடம் கேட்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.